மூன்றாவது நிறுத்தம்

"அண்ணி! குரங்கு!" என்று கொழுந்தன் கத்தியது குளியலறைக்குள்ளிருந்து. வாய் நிறையப் பற்பசை நுரை. அதனால் ஏதோ பாம்பைப் பார்த்துவிட்டுத்தான் அலறுகிறான் என்று அவள் நினைத்தாள்.

மணி ஐந்தே முக்கால். காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டி, படிவம் செருகிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாக அவள் காட்டு முகாமின் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவன் இப்போதுதான் பல் தேய்க்கிறான்.

"வெள்ளைப் புருவம் அண்ணி! கறுப்பு மூஞ்சி! ஜன்னலுக்கு நேரா மரத்துல ஒக்காந்து என்னையே பாக்குது!"

அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வயதையும் முட்டி வலியையும் மறந்து ஓடினாள். தகரக் கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதிப் பெரும் சத்தம் எழுப்பியது. ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தபோது, பின்னால் இருந்த பெரிய அத்தி மரத்தில் ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கதவை ஏன் அண்ணி இப்படி இடிச்சீங்க? நல்லாத்தானே ஒக்காந்திருந்துச்சு."

ஆடும் கிளையை முறைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். பதில் சொல்லியிருந்தால் அது கேட்கும்படியாக இருந்திருக்காது.

வனவிலங்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. அங்கே அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கேல். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகு திரும்பியதும் ஸ்கேல். அந்தப் பெயர் தனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று, மேசைமேல் ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எப்போதும் போட்டுவைத்திருப்பாள்.

பெயர் வந்த கதை இது. ஒரு காலத்தில் கணக்கெடுக்கப் போனவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினார்கள். ஒரு காட்டில் வருடாவருடம் பதினேழு குரங்குகள் என்று எழுதி வந்தது. பதினேழு இருக்கிறதே, கவலை என்ன என்று யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் அவள் போய்ப் பார்த்தாள். குரங்கு இல்லை. அது இருந்த மரங்களும் இல்லை. திரும்பி வந்தவள் ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு விதிப் புத்தகம் எழுதினாள்.

இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு. காலை ஆறிலிருந்து பத்து வரை அந்தக் கோட்டில் இரண்டு பேர் மெதுவாக நடக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம். கோட்டில் நின்றபடி, அந்த நேரத்துக்குள், இரண்டு பேரும் கண்ணால் கண்டால்தான் கணக்கு. ஐந்து நாள் இப்படி நடந்து, ஐந்தாம் நாள் மதியம் பன்னிரண்டுக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். தவறான அறிக்கை தந்தவர் யாராக இருந்தாலும் இரண்டு வருடம் காட்டுப் பக்கம் போகக்கூடாது. இந்தக் கடைசி விதியை வைத்து அவள் இதுவரை மூன்று பேரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். அதில் ஒருத்தி அவள் கல்யாணத்துக்குத் மணப்பெண் தோழியாக நின்றவள். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. தொடர்ந்து மூன்று வருடம் பூஜ்யம் வந்தால், அந்தக் காட்டில் குரங்கு இல்லை என்று முடிவுகட்டிப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இந்தக் காட்டுக்கு போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பூஜ்யம். இந்த வருடமும் பூஜ்யம் என்றால் கல் குவாரிக்குப் பாதை போடக் காத்திருப்பவர்களுக்குக் கதவு திறந்துவிடும். குவாரிக்காரர்களின் மண்வாரி இயந்திரம் காட்டின் எல்லையில் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. வரும்போதே பார்த்தாள்.

இப்படிப்பட்ட நேரத்தில் அவளோடு வழக்கமாக வரும் சக ஊழியர் வீட்டுப் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். "என் தம்பி சும்மாதானே இருக்கான், கூட்டிட்டுப் போ" என்று கணவர் தாராளமாகத் தன் தம்பியைத் தந்தார். அவன் லிஃப்ட் மெக்கானிக். மிச்சமிருக்கும் விடுமுறையைத் தீர்க்கச் சொல்லி நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அரை நாள் பயிற்சி எடுத்தால் யாரும் இரண்டாவது ஆளாக வரலாம் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. அதையும் எழுதியது அவள்தான்.

முதல் நாள் கோட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருபது நிறுத்தத்திலும் தலையை அண்ணாந்து அண்ணாந்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வெண்புருவக் குரங்கு தரைக்கே இறங்காத பிராணி. உச்சாணிக் கிளையிலேயே பிறந்து அங்கேயே சாகும். மனிதன் தும்மினால் போதும், கல்லாக உறைந்துவிடும். கொழுந்தன் ஏழு தடவை தும்மினான்.

"அதான் காலைலயே பாத்தாச்சே அண்ணி. ஒண்ணுன்னு எழுதிடுங்க."

"குளியலறை கோட்டுல இல்ல."

"கோடு எங்க இருந்தா என்ன? குரங்கு காட்டுலதானே இருக்கு?"

"நான் அந்த ஜன்னல்ல பாக்கவும் இல்ல."

"நான் பாத்தேனே. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றாள்.

இரண்டாம் நாள் காலை மறுபடியும் குளியலறையிலிருந்து குரல். இம்முறை அவள் கதவை இடிக்கவில்லை, பூனை மாதிரி போனாள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கிளம்பிவிட்டன. "மூணு இருந்துச்சு அண்ணி, ஒண்ணு கொட்டாவி விட்டுச்சு" என்று அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். மூன்றாம் நாள் அவள் அவனை வெளியே நிறுத்திவிட்டு, அதிகாலை ஐந்திலிருந்து குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் தானே உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது. ஒரு காக்கைகூட வரவில்லை. வெறுத்துப்போய் அவள் எழுந்து வந்தாள், அவன் உள்ளே போனான், இரண்டு நிமிடத்தில், "அண்ணி! ஆறு குரங்கு!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அதுங்களுக்கு எம்மேல என்னடா கோவம்?" என்று வாய்விட்டே கேட்டாள்.

"நீங்க முறைக்கிற மாதிரி பாக்குறீங்க அண்ணி. எனக்கே பயமாத்தான் இருக்கு."

நான்காம் நாளும் கோட்டில் பூஜ்யம். ஆனால் அன்று மூன்றாவது நிறுத்தத்தில் ஒன்று நடந்தது. அந்த இடத்தில் கோடு ஒரு சரிவில் இறங்குகிறது. நாலாபக்கமும் இலைச் சுவர். முகாம் இருக்கும் மேட்டுப் பக்கம் மட்டும் இலைகளுக்கு நடுவே ஒரு ஜன்னல் அளவுக்கு இடைவெளி. கொழுந்தன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி அந்த இடைவெளியை அளந்துகொண்டிருந்தான். லிஃப்ட் பொருத்தும் பழக்கம், எதைப் பார்த்தாலும் நேராக இருக்கிறதா என்று பார்ப்பான்.

"அண்ணி, அந்த ஓட்டையை அடைச்சுக்கிட்டு ஏதோ கறுப்பா தெரியுதே, என்ன அது?"

"தண்ணி டேங்க். பேசாதே, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"அதுக்குப் பின்னாடி?"

"என்ன பின்னாடி?"

"டேங்குக்கு நேர் பின்னாடி அந்த அத்தி மரம்தானே அண்ணி வரும்?"

மிச்சமிருந்த மூன்று நிமிடமும் அவள் அந்தக் கறுப்புத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று முகாமுக்குத் திரும்பியதும் சாப்பிடக்கூட உட்காராமல் அலமாரியிலிருந்த பழைய பதிவேடுகளை இழுத்துப் போட்டாள். மூன்று வருடம் முன்பு: ஆறு குரங்குகள், மூன்றாவது நிறுத்தம். அதற்கு முந்தின வருடம்: ஏழு, மூன்றாவது நிறுத்தம். அதற்கும் முன்னால் ஐந்து, ஒன்பது, நான்கு. எல்லாம் சொல்லிவைத்தாற்போல் மூன்றாவது நிறுத்தம். ஏன் எப்போதும் அங்கேயே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எண் வந்தது, எழுதினார்கள், மூடிவைத்தார்கள்.

தொட்டி வந்தது இரண்டு வருடம் முன்பு. அதை வரவழைக்க அவள் பதினோரு கடிதம் எழுதியிருந்தாள். கணக்கெடுக்க வரும் பெண்கள் ஓடையில் குளிக்க வேண்டியிருக்கிறது என்று முதல் கடிதம் மரியாதையாக இருந்தது. பதினோராவது கடிதத்தைப் படித்த அதிகாரி அடுத்த வாரமே தொட்டியை அனுப்பிவிட்டார். இரும்புச் சட்டத்தை எங்கே நட வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டியதும் அவள்தான். அங்கே வைத்தால் குளியலறைக்குக் குழாய் குட்டையாக இருக்கும் என்று அப்போது பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"எழவு" என்றாள். விதிப் புத்தகத்தில் இல்லாத சொல்.

முகாம் காவல்காரரைக் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து வயது மனிதர், அந்தத் தொட்டி வந்த பிறகுதான் வாழ்க்கையில் நிம்மதி வந்தது என்று எல்லோரிடமும் சொல்பவர்.

"டேங்கை இறக்கணும்ணே."

"எதுக்கும்மா? ஒழுகுதா?"

"மறைக்குது."

"எதை?"

"எல்லாத்தையும்" என்றாள்.

காவல்காரர் ஓடைக்கும் முகாமுக்கும் உள்ள தூரத்தை மனதுக்குள் நடந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். குரங்குகள் அந்தப் பக்கம் வராத பிற்பகல் நேரமாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தார்கள். கொழுந்தனை இத்தனை நாளும் அவள் ஒரு தண்டம் என்றுதான் நினைத்திருந்தாள். கயிற்றைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டான். தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாயைக் கழற்றி, இரண்டு முடிச்சும் ஒரு கப்பியுமாக அந்த யானைக்குட்டியைச் சத்தமில்லாமல் தரையில் உட்கார வைத்தான். ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

அதன்பிறகு அவள் முகாமின் தொலைபேசியில் இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"என்ன மேடம், நாலு நாளும் பூஜ்யமா? குவாரிக்காரங்க ஃபைல் என் மேசைலயே இருக்கு. தினம் ஒரு ஃபோன், கழுத்தறுக்கிறாங்க."

"ஒரு சந்தேகம் சார். போன ரெண்டு வருஷ ரிப்போர்ட்டும் தப்புன்னு தெரிஞ்சா அந்தப் பூஜ்யங்கள் கணக்குல வருமா?"

"வராது. ரத்தாயிடும். மறுபடி முதல்ல இருந்து மூணு வருஷம் எண்ணணும். ஏன்? அது யார் ரிப்போர்ட்?"

"என்னோடது."

"அப்போ உங்க விதிப்படி நீங்க ரெண்டு வருஷம் காட்டுக்குப் போக முடியாதே. உங்களுக்காக நான் அதை வளைச்சா, நீங்க உக்கார வெச்ச மூணு பேரும் நாளைக்கே என் ரூம் வாசல்ல நிப்பாங்க."

"தெரியும் சார். சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. நாளை காலை மூன்றாவது நிறுத்தத்தில் ஒரே ஒரு குரங்கு தலையைக் காட்டிவிட்டால் போதும். எண்ணை எழுதலாம், காடு பிழைக்கும், பழைய பூஜ்யங்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. காட்டாவிட்டால் அவளேதான் திறக்க வேண்டும். ஓய்வுபெற அவளுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, முட்டி அத்தனை வருடம் தாங்காது. இரண்டு வருடத்தை நாற்காலிக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் எத்தனை தடவை இந்தச் சரிவில் இறங்க முடியும்? அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கொழுந்தன் அவளுக்கு முன்பே எழுந்து தயாராக நின்றான். "இன்னைக்கு நான் பாத்ரூம் பக்கமே போகல அண்ணி. அதுங்க என்னைப் பாக்கணும்னா கோட்டுக்கு வரட்டும்."

ஆறு இருபத்தெட்டுக்கு மூன்றாவது நிறுத்தம். இடைவெளியில் தொட்டி இல்லை. அந்த இடத்தில் அத்தி மரத்தின் பெரிய கிளை ஒன்று, பழம் ஒட்டிக் குலைகுலையாக, படம் மாட்டியதுபோல் நேராகத் தெரிந்தது. இரண்டு வருடமாக அவள் முதுகு காட்டி நின்ற காட்சி. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள். ஒரு நிமிடம். இரண்டு. ஒரு பச்சைப் புறா வந்து பழத்தைக் கொத்தியது. மூன்று. புறா போனது. கொழுந்தன் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான், பாவம், முகம் சிவந்துவிட்டது. நான்கு. ஐந்து.

"இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் அண்ணி."

"நட" என்றாள்.

மீதிப் பதினேழு நிறுத்தமும் பூஜ்யம். பத்து மணிக்குக் கோட்டின் கடைசி முனையில் இருந்தார்கள். திரும்பி நடக்க ஒரு மணி நேரத்துக்குமேல். வழியெல்லாம் அவன் வாயை மூடவில்லை.

"ஆறுன்னு எழுதுங்க. நான் கையெழுத்து போடுறேன். நான் பாத்ததுதானே? பொய்யா?"

"பதினேழுன்னு எழுதினவனும் எப்பவோ ஒரு நாள் பதினேழு பாத்திருப்பான்."

"அது வேற, இது வேற."

"ஒண்ணுதான்."

"ஆறுன்னு எழுதினா யாருக்கு அண்ணி நஷ்டம்? காடும் இருக்கும், நீங்களும் வந்துட்டுப் போயிட்டு இருப்பீங்க. இப்படி ஒரு மனுஷி இருப்பாங்களா? எங்கண்ணன் உங்ககூட எப்படித்தான் குடும்பம் நடத்துறாரோ!"

"அவர் குளியலறைல குரங்கு பாக்குறதில்ல" என்றாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

பதினொன்றேகால். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் நின்றாள். குறிப்பில் எழுதுவதற்குத் தூரம் வேண்டும். தூரமானியை எடுத்து இடைவெளி வழியாகக் கிளையைக் குறிபார்த்தாள். நூற்று அறுபத்திரண்டு மீட்டர். எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது கிளை அசைந்தது.

முதலில் ஒரு வால். நீளமாக, அவசரமே இல்லாமல் தொங்கியது. அப்புறம் கறுப்பு முகம், அதன்மேல் இரண்டு வெள்ளைப் புருவம், எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டதுபோல். பழத்தைப் பறித்து, முகர்ந்து, பிடிக்காமல் கீழே போட்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எல்லாமே, ஊர்வலம் மாதிரி.

"அண்ணி" என்று கொழுந்தன் மூச்சுக்குள் சொன்னான். "கோட்டுல நிக்கிறோம். ரெண்டு பேரும் பாக்குறோம். மணி மட்டும்தானே? வாட்ச்சைக் கழட்டுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அண்ணன்கிட்டகூட."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் விதிப் புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இப்பவாடா வர்றது?" என்று கிளையைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஒரு குரங்கு திரும்பி அவளைப் பார்த்தது. ஓடவில்லை. மென்றுகொண்டே பார்த்தது.

அவள் அட்டையை முழங்கையில் சாய்த்துப் பேனாவை எடுத்தாள். எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். குறிப்பு என்ற கட்டம் இரண்டு வரிக்குமேல் கொள்ளாது, அப்படிச் சின்னதாக வைத்ததும் அவள்தான். எழுத்தைப் பொடிப்பொடியாக்கி எழுதினாள்: மூன்றாவது நிறுத்தத்தின் பார்வையை இரண்டு வருடமாகத் தண்ணீர்த் தொட்டி மறைத்திருந்தது. அதைக் கேட்டு வாங்கி அங்கே வைத்தது நான். போன இரண்டு பூஜ்யங்களும் காட்டினுடையவை அல்ல, என்னுடையவை. இரண்டு அறிக்கைகளையும் ரத்துசெய்யவும்.

கையெழுத்துப் போட்டாள். காடு பிழைத்தது. பேனாவை மூடும்போது கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தொலைநோக்கியைத்தான் எடுத்தாள். பன்னிரண்டுக்குள் முகாமுக்குப் போய் இயக்குநரிடம் பேச வேண்டும், போக ஐந்து நிமிடம். இன்னும் அரை மணி நேரத்துக்குமேல் இருந்தது. இதை மறுபடியும் பார்க்க இரண்டு வருடம் ஆகும்.

கொழுந்தன் படிவத்தை எட்டிப் பார்த்தான். "அங்க எட்டு இருக்கு அண்ணி. எட்டைப் பாத்துக்கிட்டே பூஜ்யம்னு எழுதுறீங்களே, கை கூசலையா உங்களுக்கு?"

"எட்டா?" தொலைநோக்கியை அவன் கண்ணில் வைத்து அழுத்தினாள். "அந்த மேல்கிளைல ஒக்காந்திருக்கே, அதோட வயித்தைப் பாரு. குட்டி தொங்குது. ஒம்போது. எண்ணுறதுன்னா ஒழுங்கா எண்ணு."